மேலூர் வரை வந்த டெக்ட்

1991 ஜூன் 3 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர்கள் மன்றம் 91/287 என்ற எண்ணில் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. உறுப்பு நாடுகள் எல்லாம் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைக்கற்றையை டிஜிட்டல் கார்ட்லெஸ் தொலைபேசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும்; 1992 ஜனவரி முதல் தேதிக்குள் அது நடக்க வேண்டும். அந்தத் தொலைபேசி அப்போது எந்தக் கடையிலும் இல்லை. அது எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் விதிநூலே அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. பொருள் வருவதற்கு முன்பே இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

டெக்ட் என்ற அந்தத் தொழில்நுட்பம் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குள்ளிருக்கும் மின்னணு நுட்பத்தைவிட இந்த உத்தரவே அதற்குப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதே டெக்ட் சென்னைக்கு வந்து வேறு உருவம் எடுத்தது, மதுரை மாவட்டத்து மேலூர் வரை போனது, சில ஆண்டுகளில் மங்கியும் போனது. மங்கியதற்கான காரணத்தையும் சர்க்யூட் போர்டில் தேடிப் பயனில்லை.

முதலில் அமெரிக்கா. ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்வைகெர்ட் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் ஒரு காப்புரிமை பெற்றார். தொலைபேசி இணைப்பின் கடைசிச் சில அடிகளில் கம்பிக்குப் பதில் வானொலி அலையை வைக்கும் கருவி அது. வீடுகளுக்குப் பெருவாரியாக வந்து சேர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1980களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க கார்ட்லெஸ் போன்களில் மேசைமேல் இருக்கும் பேஸ் 1.7 மெகாஹெர்ட்ஸிலும் கையில் பிடிக்கும் ரிசீவர் 49 மெகாஹெர்ட்ஸிலும் அனுப்பின. 1.7 என்பது மத்திய அலை ரேடியோவில் முள் கடைசியாகப் போய் முட்டும் இடத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பது. அவ்வளவு நீண்ட அலைக்குச் சரியான ஆன்டெனா வைக்கப் பல மீட்டர் கம்பி தேவை. மேசைமேல் வைக்கும் பெட்டியில் அதற்கு ஏது இடம்? வீட்டு மின்சார வயரிங்கையே ஆன்டெனாவாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிளக்கைச் செருகியதும் சுவருக்குள் ஓடும் வயரெல்லாம் நம் பேச்சை ஒலிபரப்பும். பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைத் திருகிக்கொண்டு போனால் கடைசியில் நம் குடும்ப விவகாரத்தில் வந்து நிற்பார்.

1980களின் நடுவில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 46, 49 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பத்து ஜோடித் தடங்களை ஒதுக்கியது. நெரிசல் கொஞ்சம் குறைந்தது, ரகசியம் வந்தபாடில்லை. தொட்டிலில் தூங்கும் குழந்தையின் அழுகையை அடுத்த அறைக்குக் கேட்கச் செய்யும் பேபி மானிட்டரும் 49 மெகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்தது. அதனால் குழந்தைக்காக வைத்த பெட்டியில் எதிர்வீட்டுச் சண்டை கேட்டது. ஒரே தடத்தில் அமைந்த ரிசீவரை வைத்திருக்கும் ஒருவர் தெருவில் நின்றபடியே இன்னொருவர் கணக்கில் வெளியூருக்குப் பேச முடிந்த காலமும் உண்டு. பேஸும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் காண ரகசியக் குறியீடு வைப்பது பிறகு கட்டாயமாயிற்று. கார்ட்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமானது 1994இல்தான். அதுவரை, காற்றில் வருவதை யாரும் கேட்கலாம் என்ற வாதத்துக்கு இடமிருந்தது.

பிரிட்டனில் இதே வகைப் போனுக்கு அதிகாரபூர்வமாகக் கிடைத்தவை எட்டே தடங்கள். இந்தியாவில் நிலைமை வேறு. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. சட்டம் ஒருபக்கம் இருந்தது, சென்னை பர்மா பஜார் ஒருபக்கம் இருந்தது. அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

மேற்கு ஐரோப்பாவின் அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைகளின் கூட்டமைப்பு 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒதுங்கி சிடி1 என்ற முறையை வகுத்தது. 914–915இல் ரிசீவர் பேசும், 959–960இல் பேஸ் பதில் சொல்லும், மொத்தம் 40 தடங்கள். ஒலியை அப்படியே அலையில் ஏற்றும் பழைய அனலாக் முறைதான். ஆனால் அந்த இரண்டு ஒரு-மெகாஹெர்ட்ஸ் துண்டுகளும் பின்னால் ஜிஎஸ்எம் செல்போனுக்கென்று விரிந்த பரப்பின் ஓரத்தில் இருந்தன. செல்போன் வளர வளர கார்ட்லெஸ் அங்கிருந்து நகர வேண்டியதாயிற்று. ஜெர்மனி அதைக் கொஞ்சம் தள்ளி 885, 930 பகுதிகளில் குடியமர்த்தியது; அதுவும் தற்காலிகம்தான். பெரிய வணிகம் வரும் வழியில் சின்னக் கருவிகள் தங்கினால் என்ன ஆகும் என்பதை ஐரோப்பியப் பொறியாளர்கள் இங்கேதான் நேரில் பார்த்தார்கள்.

பிரிட்டன் தன் வழியில் சிடி2 என்ற டிஜிட்டல் முறையை உருவாக்கியது. 864 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 40 தடங்கள். ஒரே தடத்தில் பேஸும் ரிசீவரும் ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசிக்கொள்ளும். தொழில்நுட்பமாக நேர்த்தியானது. அதை வைத்து வியாபாரம் செய்யக் கிளம்பியதுதான் வேடிக்கை. வீட்டுக் கார்ட்லெஸ் போனையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள், ரயில் நிலையத்திலும் கடைத்தெருவிலும் நாங்கள் பேஸ் மாட்டி வைக்கிறோம், அதனருகே நின்று பேசுங்கள் என்றார்கள். டெலிபாயின்ட் என்று பெயர். 1989இல் நான்கு குழுமங்களுக்கு உரிமம் கிடைத்தது. அவற்றில் ஹட்சிசன் நிறுவனத்தின் 'ராபிட்' 1992 மே மாதம் வந்தது. சுவரில் முயல் படம் போட்ட பலகை தெரியும். அங்கிருந்து சுமார் 100 மீட்டருக்குள் நின்றால் நீங்கள் யாரையும் அழைக்கலாம். உங்களை யாரும் அழைக்க முடியாது. அழைப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தனியாக பேஜர் வைத்துக்கொள்ள வேண்டும். உச்சத்தில் இருந்தபோதும் சந்தாதாரர்கள் சுமார் 10,000 பேர், பேஸ் நிலையங்களோ சுமார் 12,000. ஆளுக்கு ஒரு பேஸுக்கும் மேலே! 1993 டிசம்பரில் கடையைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு அதே ஹட்சிசன் 'ஆரஞ்ச்' என்ற செல்போன் சேவையோடு திரும்பி வந்து வெற்றி பெற்றது வேறு கதை. பாரிஸில் 1993இல் தொடங்கிய 'பி-பாப்' சேவையும் சிடி2 வகைதான், 1997இல் முடிந்தது.

இதே சமயத்தில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனம் வேறு திசையில் யோசித்தது. ஆளுக்கொரு தடம் கொடுப்பதைவிட, ஒரே தடத்தை நேரத்தால் கூறுபோட்டுப் பலருக்குக் கொடுக்கலாம் என்பது அவர்கள் கட்சி. சிடி3 என்று பேசப்பட்ட அந்த முறை பெரிய அலுவலகங்களைக் குறிவைத்தது. ஒரே கட்டடத்தில் நூறு பேர் கார்ட்லெஸ் போன் வைத்துக்கொண்டு மாடிக்கு மாடி நடந்தாலும் பேச்சு அறுபடக் கூடாது. பிரிட்டனுக்கும் ஸ்வீடனுக்கும் இடையிலான இந்தப் பங்காளிச் சண்டையில் ஐரோப்பியக் கூட்டமைப்பு இருவர் முறையையும் அப்படியே ஏற்கவில்லை. ஸ்வீடன்காரர்களின் காலக்கூறு முறையை எடுத்துக்கொண்டு, அதைப் பல தடங்களில் பரப்பி, 900 பகுதியிலிருந்து முற்றிலும் விலகி 1900 பக்கம் புதிய இடம் பார்த்தது. பிரெஞ்சு நாட்டு சோஃபியா ஆன்டிபோலிஸில் 1988இல் தொடங்கப்பட்ட ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனத்தின் கையில் வேலை வந்தது. 1992இல் தரநிலை வெளியானது. அதன் பெயரிலிருந்த 'ஐரோப்பிய' என்ற சொல்லைப் பின்னால் எடுத்துவிட்டு 'மேம்பட்ட' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். வெளிநாட்டில் விற்க வேண்டுமே.

டெக்டின் உட்புறத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 20 மெகாஹெர்ட்ஸ் பரப்பில் பத்துத் தடங்கள். முதலாவது 1881.792இல், கடைசி 1897.344இல், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே 1.728 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு தடத்திலும் நேரம் பத்து மில்லிநொடிச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்றுக்கு 24 கூறுகள். முதல் பன்னிரண்டில் பேஸ் பேசும், அடுத்த பன்னிரண்டில் ரிசீவர்கள் பேசும். ஆகவே ஒரு தடத்தில் பன்னிரண்டு உரையாடல்கள், பத்துத் தடங்களில் 120. நாம் 'வணக்கம்' என்று சொல்ல அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஐம்பது சுற்று முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ரிசீவர் 0.4 மில்லிநொடியளவு வாய் திறந்து 320 பிட் பேச்சைக் கொட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. வாய் திறக்கும் கணத்தில் 250 மில்லிவாட், சராசரியாகப் பார்த்தால் சுமார் பத்து மில்லிவாட். நொடிக்கு 32,000 பிட் என்பதால் குரல் கம்பித் தொலைபேசியின் தரத்தில் இருக்கும். நொடிக்கு 13,000 பிட்டில் நெருக்கிப் பேசிய ஆரம்பகால ஜிஎஸ்எம்மைவிடத் தெளிவு.

பெரியாறு–வைகைப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதுபோல்தான் இதுவும், ஒரு வித்தியாசம் தவிர: மடையைத் திறக்கவும் அடைக்கவும் இங்கே அதிகாரி யாரும் இல்லை. ரிசீவர் சும்மா இருக்கும்போதும் 120 இடங்களையும் மாறி மாறிக் காதுகொடுத்துக் கேட்டு, எங்கே சத்தம் குறைவு என்று பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறது. அழைக்கும்போது மிக அமைதியான இடத்தில் போய் உட்காருகிறது. பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டுப் போன் குறுக்கிட்டால், பழைய இடத்தை விடாமலே புதிய இடத்தில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு பிறகு மாறிவிடுகிறது. முடிவு ரிசீவருடையது. செல்போன் நிறுவனங்கள் எந்தக் கோபுரத்துக்கு எந்தத் தடம் என்று வரைபடம் வைத்துத் திட்டமிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவரையொருவர் அறியாத முப்பது வீட்டுப் போன்கள் தமக்குள் இடத்தைப் பிரித்துக்கொண்டன. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம்.

இந்த ஏற்பாடு நடக்க ஒரே நிபந்தனை, அந்த 20 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்கிற எல்லோரும் அதே விதிப்படி கேட்டு, அதே விதிப்படி விலக வேண்டும். அமெரிக்காவில் 900 மெகாஹெர்ட்ஸுக்கும், 1990களின் கடைசியில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும், பிறகு 5.8க்கும் ஓடிக்கொண்டே இருந்த கார்ட்லெஸ் போன்களுக்கு அந்த வசதி இல்லை. அவை இருந்தது பொதுவெளி. 2.4இல் மைக்ரோவேவ் அடுப்பு உண்டு, வைஃபை உண்டு, அடுத்த நிறுவனத்தின் போன் உண்டு. யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டிய கடமை இல்லை. அடுப்பில் பாலைச் சுடவைத்தால் போனில் இரைச்சல் வந்தது. எண் பெரிதானால் போன் உயர்ந்தது என்று விளம்பரம் செய்து விற்றார்கள். உண்மையில் அலைவரிசை ஏற ஏற அலைக்குச் சுவரைத் தாண்டுவது கடினம்.

ஜப்பான் தனக்கென்று பிஎச்எஸ் முறையை வைத்துக்கொண்டது. 1895 முதல் 1918 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐந்து மில்லிநொடிச் சுற்று, ஒரு தடத்தில் நான்கு பேர். 1995இல் தொடங்கிய அது கார்ட்லெஸ் போனுக்கும் செல்போனுக்கும் நடுவே நின்றது. சீனாவில் 'சியாவ்லிங்டோங்' என்ற பெயரில் மலிவுவிலைச் செல்போனாகவே பரவி, உச்சத்தில் 9 கோடிப் பேரைத் தொட்டது. ராபிட் செய்ய நினைத்ததை சீனா செய்து காட்டியது என்றே சொல்லலாம்.

சென்னைக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை ஆவணம், இந்தியாவில் நூறு பேருக்கு 0.8 தொலைபேசிதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒரு புதிய இணைப்பு கொடுக்க அப்போது சுமார் 40,000 ரூபாய் செலவு. அந்த முதலீட்டுக்கு வட்டியும் தேய்மானமும் பராமரிப்பும் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஆயிரம் ரூபாய்க்குப் பேசுகிற வீட்டுக்குத்தான் இணைப்பு கொடுத்துக் கட்டுப்படியாகும். அப்படிப்பட்ட வீடுகள் நாட்டில் எத்தனை இருந்திருக்கும்? சென்னை ஐஐடியின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு இது. செலவை 10,000 ரூபாய்ப் பக்கம் கொண்டுவராமல் இந்தியாவில் தொலைபேசி பரவாது என்பது அவர் வாதம். பாஸ்கர் ராமமூர்த்தி உள்ளிட்ட சக பேராசிரியர்களோடு அவர் அமைத்த டெனெட் குழு, செலவில் பெரும்பங்கு எதில் போகிறது என்று பார்த்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரை பூமிக்கடியில் புதைக்கும் செப்புக் கம்பியில்தான் போனது. அந்தக் கம்பியை ஒழிக்க வேண்டும்.

அதற்கு டெக்டைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர்களின் துணிச்சல். வரவேற்பறையிலிருந்து மாடிப்படி வரை பேசுவதற்காகச் செய்த முறையை வைத்து ஊருக்கு ஊர் பேச வேண்டும். ஐஐடி மாணவர்களாயிருந்தவர்கள் தொடங்கிய மைடாஸ் நிறுவனமும், சிப் செய்ய அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் சேர்ந்துகொண்டன. பெரிய முதலீட்டாளர் கிடையாது. கருவியைத் தயாரிக்கப்போகும் நிறுவனங்களிடம் உரிமத் தொகையை முன்கூட்டியே வாங்கி, அதை வைத்து ஆராய்ச்சி நடந்தது. கார்டெக்ட் என்று பெயரிட்டார்கள்.

அதன் தடை எது என்று பார்த்தால், அலையின் பலம் இரண்டாம்பட்சம், கடிகாரம்தான் முதல் சிக்கல். டெக்டில் ஒரு கூறுக்கும் அடுத்த கூறுக்கும் நடுவே சுமார் 52 மைக்ரோநொடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். வீட்டுக்குள் அது தாராளம். ஆனால் வானொலி அலை பத்து கிலோமீட்டர் போக 33 மைக்ரோநொடி, திரும்பி வர இன்னொரு 33. மொத்தம் 66ஐத் தாண்டுகிறது. தூரத்துக் கிராமத்திலிருந்து வரும் பதில் தன் முறை முடிந்த பிறகும் தொடர்ந்து, அடுத்தவர் பேச்சின்மேல் ஏறிவிடும். தூரத்திலிருக்கும் கருவி தன் தூரத்தைத் தானே அளந்துகொண்டு, அதற்கேற்ப முன்கூட்டியே பேசத் தொடங்கினால் சரியாகிவிடும். கார்டெக்டின் சுவர்ப்பெட்டி அதைத்தான் செய்தது. கூரைமேல் ஆன்டெனாவும் கோபுரமும் நேருக்கு நேர் தெரிந்தால் பத்து கிலோமீட்டர். நடுவில் ஒரு ரிலே நிலையம் வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர். அந்தப் பெட்டியில் இரண்டு இணைப்புகள்: ஒன்றில் சாதாரணத் தொலைபேசியைச் செருகலாம், மற்றதில் கணினியை. போனில் பேசிக்கொண்டே நொடிக்கு 35 கிலோபிட் இணையம், பேசாதபோது 70. நகரத்தில் டயல்-அப் மோடம் கிறீச்சிட்டுக்கொண்டு 30ஐத் தாண்டத் திணறிய நாட்களில் இது ஒரு கிராமத்துக்குக் கிடைத்தது என்பதை மறக்க வேண்டாம்.

1990களின் கடைசியில் வந்த கார்டெக்டை இந்தியாவில் அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் வாங்கின. ஃபிஜிக்கும் மடகாஸ்கருக்கும் போனது. 1880–1900 பகுதியை உள்நாட்டில் உருவான இத்தகைய கருவிகளுக்கு வழிவிடும் வகையில் தேசிய அலைவரிசைத் திட்டமும் குறித்து வைத்தது. ஐரோப்பாவில் வரவேற்பறைப் போனுக்காக ஒதுக்கிய அதே இடம்.

2001 நவம்பரில் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. ஐஐடியும், அதிலிருந்து கிளைத்த என்-லோக் நிறுவனமும், அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டும் பங்கெடுத்தன. மேலூரில் கோபுரம், சுற்றியுள்ள பதினெட்டாங்குடி, உலகப்பிச்சன்பட்டி, நல்லூர் போன்ற ஊர்களில் இணைய மையங்கள். கணினி, கேமரா, பிரின்டர், மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி, சுவர்ப்பெட்டி, கூரைக் கம்பத்தில் மேலூரைப் பார்த்த ஆன்டெனா எல்லாம் சேர்த்து ஒரு மையத்துக்குச் சுமார் 50,000 ரூபாய். உள்ளூர்க்காரர் கடன் வாங்கிப் போட்ட முதல். நடத்தியவர்களில் பெண்களும் இருந்தார்கள். சான்றிதழ் விண்ணப்பத்தைத் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்ப முடிந்தது. கண்ணில் புரை விழுந்த பெரியவரை உட்காரவைத்து, வெப்கேமராவில் கண்ணைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினால், வரச் சொல்வதா வேண்டாமா என்று பதில் வந்தது. மதுரைக்குப் பஸ் ஏறி ஒருநாள் கூலியை இழக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய அந்தப் படம் போதும். பயிரில் நோய் கண்டால் இலையைப் படமெடுத்து வேளாண் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனின் முகத்தைத் திரையில் பார்த்தார்கள். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போன ஊர்களில் அதற்குத்தான் கூட்டம் அதிகம் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

2005க்குள் அந்த மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆராய வந்தவர்கள் எழுதி வைத்த காரணங்களில் அலைவரிசைக் குறுக்கீடு முதலிடத்தில் இல்லை. ஆர்வமாயிருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ் வேலை படுத்துவிட்டது. தாலுகா அலுவலகத்தில் மின்னஞ்சலைத் திறந்து பார்க்க ஆளில்லை என்றால் கிராமத்தில் எவ்வளவு வேக இணைப்பு இருந்து என்ன? தனியாளாகக் கடன் வாங்கி நடத்தியவர்கள் மாதத் தவணை கட்ட முடியாமல் முதலில் விழுந்தார்கள். கம்பிகளோடும் அனுமதிகளோடும் போராடிய என்-லோக்கின் கையிலும் அவர்களைத் தாங்கும் அளவுக்குப் பணம் இல்லை.

தொலைபேசிப் பக்கம் நடந்தது இன்னும் எளிய கணக்கு. 2003இல் இந்தியாவில் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. சிடிஎம்ஏ போன்கள் தவணைத் திட்டத்தில் கைக்கு வந்தன. சுவரில் மாட்டிய பெட்டி எவ்வளவு மலிவானாலும், வயலுக்கு எடுத்துப் போகிற போனோடு போட்டிபோட முடியாது. ஜுன்ஜுன்வாலா போட்ட கணக்கு தப்பவில்லை. இணைப்புச் செலவு குறைந்ததும் தொலைபேசி பரவத்தான் செய்தது, வேறொரு கருவியில். கார்டெக்ட் தோற்றது என்று எழுதுகிறவர்கள், சொந்தமாக ஒரு தொலைத்தொடர்பு முறையை வடிவமைத்து, சிப் முதல் கோபுரம் வரை செய்து, விற்ற அனுபவம் சென்னைக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தரமணியிலுள்ள ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவுக்கு வித்திட்டது அந்தத் தலைமுறைதான்.

அமெரிக்கா டெக்டுக்கு இடம் கொடுத்தது 2005 வாக்கில், அதுவும் வேறு இடத்தில். 1880–1900 அங்கே செல்போன் நிறுவனங்களிடம் இருந்ததால் 1920 முதல் 1930 வரை பத்து மெகாஹெர்ட்ஸ், ஐந்து தடங்கள். 'டெக்ட் 6.0' என்று பெயர் வைத்து விற்றார்கள். அந்த ஆறுக்குத் தொழில்நுட்பத்தில் எந்த அர்த்தமும் கிடையாது. கடையில் 5.8 கிகாஹெர்ட்ஸ் போனுக்குப் பக்கத்தில் 1.9 என்று எழுதி வைத்தால் யார் வாங்குவார்கள்?

டெக்டின் அவமானம் 2008 டிசம்பரில் வந்தது. கணினிப் பாதுகாப்பு ஆர்வலர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாடு அந்த ஆண்டு பெர்லினில் நடந்தபோது சிலர், சந்தையில் மலிவாகக் கிடைத்த ஒரு லேப்டாப் கார்டை வைத்துப் பக்கத்து வீட்டு டெக்ட் பேச்சைக் கேட்டுக் காட்டினார்கள். தரநிலையில் மறையாக்கம் இருந்தது. செய்தவர்கள் பலர் அதை இயக்கவே இல்லை. இன்னும் சில போன்களில் பேஸ் உண்மையானதுதானா என்று ரிசீவர் கேட்கவே இல்லை. ரகசியமாக வைத்திருந்த மறையாக்க முறையையும் 2010இல் பிரித்து மேய்ந்தார்கள். 'ஒளித்து வைத்தால் பத்திரம்' என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த அடி அது. பின்னர் ஏஇஎஸ் முறையிலான புதிய மறையாக்கம் தரநிலையில் சேர்ந்தது.

கம்பித் தொலைபேசியே மறைந்துவரும்போது அதன் கார்ட்லெஸ் பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஜெர்மனியில் இணைய ரூட்டருக்குள்ளேயே டெக்ட் பேஸ் இருக்கிறது. மருத்துவமனைகளில் செவிலியர் கையிலும், அலுவலகங்களில் தலையில் மாட்டும் ஹெட்செட்டிலும், மேடை மைக்கிலும் டெக்ட் ஓடுகிறது. 2020இல் அதன் பெயரைத் தாங்கிய புதிய தரநிலை ஒன்று வந்தது. உள்ளே வானொலி முறை புதிது, கருவிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி கடத்தும் வலைப்பின்னல். மின் மீட்டர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஏற்றது. 2022 பிப்ரவரியில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதை 5ஜி குடும்பத்தில் சேர்த்தது. செல்போன் வழி வராத முதல் 5ஜி அது. உள்ளிருப்பது மாறினாலும் 1991இல் ஒதுக்கிய இடத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் 1900–1910இல் ஐரோப்பிய ரயில்வே புதிய வானொலிக்காக வந்து அமர்கிறது. இந்த 20 மெகாஹெர்ட்ஸை ஏலத்தில் விட்டிருந்தால் இன்று டெக்டைப் பற்றி எழுத ஒன்றுமிருந்திருக்காது.

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும்போது அங்கே மலிவாகக் கிடைக்கும் கார்ட்லெஸ் போனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் போன் பேசும் 1920–1930 பகுதி, நம் ஊரிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செல்போன் கோபுரத்தை நோக்கிக் கைபேசிகள் பேசும் பகுதிக்குள் விழுகிறது. உங்கள் வீட்டில் அது நன்றாகவே வேலை செய்யும், தெருவிலிருப்பவர்களின் செல்போனுக்குத்தான் கோபுரம் காது கேட்காது. ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இந்தப் போன்களைப் பற்றி எச்சரித்திருக்கின்றன. லேபிளில் 'டெக்ட் 6.0' என்று இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.